பாண்டி, கடலூர் பக்கம் பிஎஸ்5 வாங்கப் போறவங்க ஓயாம கேக்குற கேள்விங்க

நேரு வீதி பக்கம் ஒரு கடைல கேமிங் கவுண்டர்ல நிக்கிற ஆளு நான். போன்ல, வாட்ஸப்ல, நேர்ல, கல்யாண வீட்டுப் பந்தில கூட அதே சந்தேகத்தையே கேக்குறாங்க, அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல போட்டுட்டேன். பிஎஸ்5-ன்னா சோனி கம்பெனியோட ப்ளேஸ்டேஷன் 5, டிவில மாட்டி ஆடுற கேம் மெஷின், அத கன்சோல்னும் சொல்வாங்க. கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய வச்சிருக்கேன். கடை பேரு போடல, இது விளம்பரம் இல்ல.

"அண்ணா பிஎஸ்5 ஸ்டாக் இருக்கா, எவ்ளோ?"

இப்போதைக்கு இருக்கு, 2021 மாதிரி அடிச்சுக்க வேண்டியதில்ல. பெரும்பாலும் ஸ்லிம் மாடல் தான் வருது, அதுல டிஸ்க் போடுறது ஒண்ணு, டிஸ்க் இல்லாம கேம நெட்ல எறக்கி ஆடுற டிஜிட்டல் ஒண்ணு. பழைய தடி மாடல் எங்கயாவது ஒண்ணு ரெண்டு தங்கிருக்கும்.

விலையோட கதைய சொல்லிடுறேன். 2021 பிப்ரவரி 2-ஆம் தேதி இந்தியாவுக்கு வந்தப்ப டிஸ்க் 49,990, டிஜிட்டல் 39,990. 2022 நவம்பர்ல ரெண்டுக்கும் அஞ்சாயிரம் ஏத்தி 54,990, 44,990 ஆக்குனாங்க. 2024 ஏப்ரல்ல ஸ்லிம் வந்தப்பவும் அதே விலை தான். நீங்க இத படிக்கிறப்ப இந்த நம்பர் பழசாகிருக்கலாம், டப்பா மேல அச்சடிச்ச எம்ஆர்பி என்னவோ அதான் கணக்கு.

"டிஸ்க்கா டிஜிட்டலா? பத்தாயிரம் வித்தியாசம் எதுக்கு குடுக்கணும்?"

நம்ம ஊருக்கு டிஸ்க் தான்னு நான் சொல்வேன். புதுசா வர்ற பெரிய கேம் ஒண்ணு நாலாயிரம் அஞ்சாயிரம் ஆகுது, டிஸ்க்கா வாங்கினா முடிச்சிட்டு வித்துடலாம், ஃப்ரண்டுகிட்ட மாத்திக்கலாம், லாஸ்பேட்டைல ஒருத்தன் ரெட்டியார்பாளையத்துல ஒருத்தன்னு நாலு பசங்க சேந்து ஆளுக்கு ஒண்ணு வாங்கி சுத்துல விடுறது இங்க சகஜம். டிஜிட்டல்ல வாங்குனது உங்க அக்கவுண்ட்லயே கெடக்கும், விக்க முடியாது. ஆனா ஆன்லைன் ஸ்டோர்ல சேல் போட்டா பழைய கேம் அடிமாட்டு விலைக்கு வரும், பொறுமை இருக்கறவங்களுக்கு அது லாபம்.

ஸ்லிம் டிஜிட்டல் வாங்கிட்டு பின்னாடி டிஸ்க் டிரைவ தனியா வாங்கி மாட்டிக்கலாம், மாட்டினதும் ஒரு தடவ நெட் கனெக்ஷன் வேணும். ஆனா அந்த டிரைவ் மட்டும் தனியா நம்ம பக்கக் கடைல ஸ்டாக் வர்றது குதிரக்கொம்பு, அத நம்பி டிஜிட்டல் வாங்காதீங்க.

"பாண்டில சரக்கு கம்மி, பெட்ரோல் கம்மி, அப்ப பிஎஸ்5-ம் கம்மி தானே?"

விழுப்புரத்துல இருந்து பஸ் ஏறி வந்து கேட்டவங்க இருக்காங்க. இல்லீங்க. சாராயமும் பெட்ரோலும் ஜிஎஸ்டிக்கு வெளில இருக்கு, அதுக்கு பாண்டிச்சேரி அரசு தனியா வரி போடுது, அதனால வித்தியாசம் வருது. வீடியோ கேம் கன்சோல் ஜிஎஸ்டிக்குள்ள. 2019 ஜனவரி 1-க்கு முன்னாடி 28 சதவீதம் இருந்துச்சு, அப்பறம் 18 ஆக்குனாங்க. அந்த 18 கடலூர்லயும் 18, காரைக்கால்லயும் 18, மாஹேல வாங்கினாலும் 18. 54,990-ல 8,388 ரூபாய் வரி, அதுல பாதி சென்ட்ரலுக்கு பாதி இங்க, அவ்ளோ தான் விஷயம்.

2017 ஜூலை 1-க்கு முன்னாடி வாட் இருந்தப்ப ஸ்டேட்டுக்கு ஒரு ரேட்டு, அந்த ஞாபகத்துல தான் பெரியவங்க இன்னும் "பாண்டில போயி வாங்கு"ன்னு பசங்கள அனுப்புறாங்க. வாங்க, பீச் பாத்துட்டு போங்க, ஆனா விலைக்காக மெனக்கெட்டு வராதீங்க.

"அப்ப ஏன் ஒரு கடைல 54,990, எதுத்த கடைல 51,500 சொல்றான்?"

எம்ஆர்பிங்கறது உச்சவரம்பு. அதுக்கு மேல வித்தா தப்பு, கீழ எவ்ளோ வேணா விக்கலாம். டீலர் தன் மார்ஜின்ல கொஞ்சம் விட்டுக் குடுப்பாரு, மாசக் கடைசில டார்கெட் முடிக்கணும்னா இன்னும் கொஞ்சம் விடுவாரு, சில பேங்க் கார்டுக்கு கேஷ்பேக் வந்து அத கழிச்சு கம்மியா சொல்வாங்க, கேஷ் குடுத்தா அந்த விலை கெடைக்காது. இதெல்லாம் நேர்மையான காரணம்.

நேர்மையில்லாத காரணமும் இருக்கு. அது இறக்குமதி பீஸா இருக்கலாம், திறந்த பீஸா இருக்கலாம், பில் இல்லாததா இருக்கலாம். மூவாயிரத்துக்கு மேல வித்தியாசம் சொன்னா "ஏன் கம்மி"ன்னு வாய் விட்டு கேளுங்க, சரியான காரணம் இருக்கறவன் ஒரு வரில சொல்லிடுவான். சொல்ல தயங்கினா அடுத்த பதில்ல இருக்கற ஸ்டிக்கர பாருங்க.

"இறக்குமதி பீஸுன்னா என்ன? எல்லாமே வெளிநாட்டுல தானே செய்யறான்?"

எல்லாம் வெளில இருந்து தான் வருது, ஆனா யாரு கொண்டாந்தாங்கங்கறது தான் கேள்வி. கம்பெனியோட இந்திய ஆபீஸ் டூட்டி கட்டி இறக்குனா டப்பா மேல ஒரு ஸ்டிக்கர் இல்லன்னா அச்சு இருக்கும். அதுல இறக்குமதி பண்ணவங்க பேரு, விலாசம், எந்த மாசம் எந்த வருஷம் எந்த நாட்டுல செஞ்சது, எம்ஆர்பி, கம்ப்ளைன்ட் பண்ண போன் நம்பர் எல்லாம் இருக்கணும். இது கடைக்காரன் இஷ்டம் இல்ல, 2011-ல வந்த பேக்கேஜ்டு பொருள் எடையளவு விதி அப்படி. கூடவே பிஐஎஸ், அதாவது இந்திய தர நிர்ணய அமைப்போட பதிவு நம்பர், இங்கிலீஷ் ஆர் எழுத்துல ஆரம்பிக்கும்.

இன்னொரு சுலபமான வழி மாடல் நம்பர். இந்தியாவுக்குன்னு வர்ற பிஎஸ்5-ல சிஎஃப்ஐ-க்கு (CFI) அப்பறம் வர்ற நாலு இலக்கம் 08-ல முடியும், ஸ்லிம்னா சிஎஃப்ஐ-2008 மாதிரி. 00-ல முடிஞ்சா அது ஜப்பான் பீஸ், 16-ல முடிஞ்சா ஐரோப்பா பீஸ். துபாய், சிங்கப்பூர் வழியா வந்தது ஓடாதுன்னு இல்ல, நல்லாவே ஓடும், ஆனா இங்க ஒரு வருஷ வாரண்டி கெடையாது. அது தெரிஞ்சு, அதுக்கேத்த விலைக்கு வாங்கினா உங்க விருப்பம். தெரியாம ஆபீஷியல் விலைக்கு வாங்குறது தான் வயித்தெரிச்சல்.

"சைட்ல ஸ்டாக் இருக்குன்னு காட்டுது, கடைக்கு வந்தா இல்லன்னு சொல்றீங்க, என்ன வெளயாட்டு இது?"

நியாயமான கோவம். பெரிய செயின் கடைங்கள்ல கம்ப்யூட்டர்ல ஒரு எண்ணிக்கை இருக்கும், அது ராத்திரி ஒரு தடவ தான் சரி பண்ணப்படும்னா காலைல வித்த பீஸ் சாயங்காலம் வரைக்கும் இருக்கற மாதிரியே காட்டும். அந்த "1" சில நேரம் டிவிக்குக் கீழ சங்கிலி போட்டு வச்சிருக்கற டெமோ பீஸா இருக்கும். இல்ல ரிட்டர்ன் வந்து சர்வீசுக்கு அனுப்பாம மூலைல கெடக்குற பீஸா இருக்கும். இன்னும் சில நேரம் சென்னை குடோன்ல இருக்கறத தான் "உங்க ஏரியால கெடைக்கும்"னு காட்டுது, வர மூணு நாளு ஆகும்.

கெளம்பறதுக்கு முன்னாடி போன் பண்ணி "சீல் பிரிக்காத பீஸ் கைல இருக்கா, சீரியல் நம்பர் கடைசி நாலு எழுத்து சொல்லுங்க"ன்னு கேளுங்க. டப்பாவ கைல எடுத்தா தான் அத படிக்க முடியும், அதனால சும்மா "இருக்கு வாங்க"ன்னு சொல்றவன் அங்கயே மாட்டிக்குவான். கடலூர், பண்ருட்டி, சிதம்பரத்துல இருந்து வர்றவங்க இத கட்டாயம் பண்ணுங்க.

"உள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டு ரேட்டு ஏத்தி விக்கறீங்க தானே? உண்மைய சொல்லுங்க."

2021-ல சில பேரு அப்படி பண்ணாங்க, மறைக்க ஒண்ணுமில்ல. ஆனா பெரும்பாலான கடைல ஒளிச்சு வைக்கக் கூட ஒண்ணும் வரல. உலகம் பூரா 2020 நவம்பர்ல வந்துடுச்சு, நமக்கு பிப்ரவரி. ஜனவரி 12-ஆம் தேதி முன்பதிவு திறந்தாங்க, கொஞ்ச நிமிஷத்துல முடிஞ்சு போச்சு. கொரோனால எல்லாரும் வீட்டுக்குள்ள, லேப்டாப்பு போன் காருன்னு எல்லாத்துக்கும் சிப் வேணும், பிஎஸ்5, மைக்ரோசாஃப்டோட கன்சோல் எக்ஸ்பாக்ஸ் ரெண்டுக்குமே ஏஎம்டிங்கற கம்பெனி வடிவமைச்ச சிப்ப தைவான்ல ஒரே கம்பெனி தான் செஞ்சு குடுக்கணும், எங்க இருந்து பத்தும்.

வர்ற சரக்கு எப்படி பிரியுதுன்னு பாத்தா மிச்சம் புரியும். கம்பெனி இந்தியாவுக்குன்னு ஒரு அளவு ஒதுக்கும், அதுல ஆன்லைன் சைட்டுங்களுக்கும் பெரிய செயினுங்களுக்கும் போனது போக டிஸ்ட்ரிபியூட்டருக்கு, அவரு சென்னை கோயமுத்தூர் டீலருக்கு குடுத்தது போக நமக்கு. வருஷம் பூரா டிவி, டிஸ்க், கண்ட்ரோலர் எடுத்து காசு நேரத்துக்கு கட்டுன டீலருக்கு மொதல்ல போகும். அதனால ஒரு சின்ன கடைக்கு ரெண்டு பீஸ் வந்தா ஒண்ணு மொதலாளியோட பழைய கஸ்டமருக்கு, ஒண்ணு அவரு மச்சானுக்கு. உங்களுக்கு "இல்ல"ன்னு சொன்னது பொய்யில்ல, ஆனா முழு உண்மையும் இல்ல. இன்னைக்கு அந்த நெலம இல்ல, ஆனா புது மாடல் வர்ற மொத மாசத்துல மறுபடி இதே கதை தான் ஓடும்.

"கூட ரெண்டு கேமும் ஒரு கண்ட்ரோலரும் எடுத்தா தான் தருவேன்னு சொல்றாங்க. சரியா?"

கம்பெனியே ஒரே டப்பாவுல கேம் போட்டு, ஒரே எம்ஆர்பி அடிச்சு அனுப்புனா அது பண்டில், அதுல ஒண்ணும் தப்பில்ல. கடைக்காரரு தனித்தனியா இருக்கற மூணு பொருளக் கட்டி "எல்லாம் எடு இல்லன்னா கெளம்பு"ங்கறது வேற. ஒரு பொருள் வேணும்னா இன்னொண்ணும் வாங்கணும்னு கட்டாயப்படுத்தறத 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்பாடான வணிக நடைமுறைன்னு சொல்லுது, புகார் குடுக்கலாம்.

எங்க பக்க சங்கடத்தையும் சொல்லிடணும். பல நேரம் டிஸ்ட்ரிபியூட்டரே கடைக்கு அப்படித்தான் தள்றாரு, ஓடாத கேமு இருபது எடுத்தா தான் கன்சோலு அஞ்சு. கடைக்காரன் அத உங்க தலைல கட்டுறான். புரியுது, ஆனா அதுக்காக நீங்க தலைய குடுக்கணும்னு இல்ல.

"ஒரு பிஎஸ்5 வித்தா உங்களுக்கு பத்தாயிரம் நிக்கும்ல?"

சிரிப்பு வருது. கன்சோல்ல கடைக்கு நிக்கறது ரொம்ப சொற்பம், கார்டு தேய்ச்சா மிஷின் சார்ஜ் போக இன்னும் சொற்பம். தயாரிக்கிறவங்களே ஆரம்பத்துல நஷ்டத்துக்கு தான் வித்தாங்க, டிஸ்க் மாடல நஷ்டம் இல்லாம விக்க ஆரம்பிச்சிட்டோம்னு சோனி சொன்னதே 2021 ஆகஸ்ட்ல தான். அவங்களுக்கு வருமானம் கேம்ல, சந்தால. எங்களுக்கு வருமானம் ரெண்டாவது கண்ட்ரோலர்ல, ஹெட்செட்ல, சார்ஜிங் ஸ்டாண்டுல, எக்ஸ்டெண்டட் வாரண்டில. அதனால தான் பில் போடறதுக்குள்ள அஞ்சு தடவ "சார் கவர் வேணுமா, ஸ்டாண்ட் வேணுமா"ன்னு கேக்குறோம். வேணாம்னு சொல்லுங்க, கோச்சுக்க மாட்டோம்.

"கடலூர்லயே வாங்கலாமா, பாண்டிக்கு வரணுமா?"

மஞ்சக்குப்பத்துலயோ லாரன்ஸ் ரோட்டுலயோ நல்ல கடைல ஸ்டிக்கரோட சீல் பீஸ், சரியான பில் கெடைச்சா அங்கயே வாங்குங்க. விலை மேல சொன்ன மாதிரி ஒண்ணு தான். பாண்டில கடை அதிகம், அதனால பேரம் பேச கொஞ்சம் எடம் இருக்கு, டிஸ்க்கும் அதிகமா கெடைக்கும். மத்தபடி இருபத்தி சொச்சம் கிலோமீட்டர் பஸ்ல டப்பாவ மடில வச்சுக்கினு போற கஷ்டம் உங்களுக்கு.

"தீபாவளி வரைக்கும் பொறுக்கலாமா?"

பொறுக்கலாம். கம்பெனியே இறங்கி விலை குறைக்கிறது பெரும்பாலும் பண்டிகைய ஒட்டியோ, புது மாடல் வர்றதுக்கு முன்னாடி பழைய ஸ்டாக்க தள்ளவோ தான். 2023 ஜூலை கடைசில தடி மாடலுக்கு 7,500 குறைச்சு 47,490-க்கு குடுத்தாங்க, அதுக்கப்பறம் ஸ்லிம் வந்துச்சு. தீபாவளிக்கு அஞ்சாயிரம் குறைச்ச வருஷமும் உண்டு. அந்த மாதிரி ஆஃபர் எல்லாக் கடைக்கும் பொது, எதுத்த கடைல போட்டான்னா இங்கயும் போட்டே ஆகணும்.

ஆனா நெய்வேலில போனஸ் விழுந்த வாரம் ஸ்டாக் காணாமப் போகும், அதயும் சொல்லி வைக்கறேன். ஆஃபர் ஆரம்பிச்ச மொத ரெண்டு நாள்ல வந்துடுங்க. கன்சோல் விலை வருஷா வருஷம் குறையும்ங்கற பழைய கணக்க மறந்துடுங்க, 2025-ல அமெரிக்காவுலயே பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் ரெண்டுக்கும் விலைய ஏத்துனாங்க.

"நோ காஸ்ட் ஈஎம்ஐன்னா நெஜமாவே வட்டி இல்லயா?"

வட்டி இருக்கு, அத முன்னாடியே தள்ளுபடியா கழிச்சுக் காட்டுறாங்க. ஜீரோ வட்டின்னு ஒண்ணு கெடையாதுன்னு ரிசர்வ் பேங்க் 2013-லயே சொல்லிட்டாங்க. வட்டி 2,500-ன்னு வச்சுக்கங்க, அந்த 2,500 உங்களுக்கு விலைல குறைஞ்சிடும், ஆனா அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 450 ரூபாய் உங்க தலைல தான், கூட ப்ராசஸிங் ஃபீ. அதோட கேஷ் கஸ்டமருக்கு குடுக்கற தள்ளுபடி ஈஎம்ஐக்கு இல்லன்னு சொல்வாங்க, அதயும் கூட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

"நின்டெண்டோ ஸ்விட்ச் ஏன் எந்த ஷோரூம்லயும் இல்ல?"

ஸ்விட்ச்ங்கறது ஜப்பான் கம்பெனி நின்டெண்டோவோட கன்சோல், கைல வச்சும் ஆடலாம், டிவில மாட்டியும் ஆடலாம். நின்டெண்டோ இந்தியாவுல நேரடியா ஸ்விட்ச் விக்கல. 2017-ல வந்த மொத ஸ்விட்ச் உலகத்துல 15 கோடிக்கு மேல போயிருக்கு, 2025 ஜூன் 5-ல வந்த ஸ்விட்ச் 2 நாலே நாள்ல 35 லட்சம் வித்துச்சு, ஆனா இங்க பாக்குறது எல்லாமே இறக்குமதி பீஸ். சென்னை பர்மா பஜார், ரிச்சி ஸ்ட்ரீட்டுல எடுத்து இங்க கொண்டாந்து விக்கறாங்க. வாரண்டின்னு கடைக்காரரு சொன்னா அது அவரு வாய் வார்த்தை, கம்பெனி வாரண்டி இல்ல.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஸ்விட்ச் 2-ல ஜப்பானுக்குன்னு ஒரு மலிவு பீஸ் இருக்கு, மெனு பூரா ஜப்பானிய மொழி மட்டும் தான், ஜப்பான் அக்கவுண்ட் தான் சேரும், மாத்தவே முடியாது. விலை ரொம்ப கம்மின்னா அதுவா இருக்கும், ஆன் பண்ணி லாங்வேஜ் பாத்துட்டு காசு குடுங்க.

"பிஎஸ்5 ப்ரோ எப்ப வரும்?"

ப்ரோங்கறது பிஎஸ்5-லயே பவர் கூடுன மாடல். 2024 நவம்பர் 7-ல உலகம் பூரா வந்தப்ப இந்தியாவ விட்டுட்டாங்க. அதுல வைஃபை 7-ங்கற புது வைஃபை வசதி இருக்கு, அதுக்கு வேணுங்கற 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அப்ப இங்க அனுமதிக்கப்படல, அதான் காரணம்னு கம்பெனியே சொன்னாங்க. விலையோ ஸ்டாக்கோ காரணம் இல்ல. அந்த சமயத்துல இங்க கைமாறுன ப்ரோ எல்லாம் இறக்குமதி தான், மேல ஸ்டிக்கர் பத்தி சொன்னது அப்படியே பொருந்தும்.

"சித்தப்பா பாரிஸ்ல இருந்து வர்றாரு, அங்க இருந்தே வாங்கிட்டு வரச் சொல்லட்டா?"

இது அக்மார்க் பாண்டி கேள்வி, வேற எந்த ஊர்லயும் இவ்ளோ வராது. ஓடும். பவர் சப்ளை உள்ளயே இருக்கு, நம்ம கரண்டுக்கு சரியா போகும், வயரு சாதா ரேடியோல வர்ற அந்த எட்டு மாதிரி ஓட்ட வயரு தான், இங்க அம்பது ரூபாய்க்கு கெடைக்கும். கேம் டிஸ்க் எந்த நாட்டுதும் ஓடும்.

சிக்கல் மூணு எடத்துல. ஒண்ணு வாரண்டி, ரிப்பேர்னா பாரிஸுக்கே போகணும். ரெண்டு, டிஸ்க் வந்த பகுதியும் உங்க அக்கவுண்ட் பகுதியும் வேறன்னா, கூடுதல் கண்டெண்ட் வாங்கினா சில கேம்ல சேராமப் போகலாம். மூணு, படம் பாக்குறவங்களுக்கு: அந்த மெஷின் ஐரோப்பா ப்ளூரேவுக்கு செட் பண்ணது, நம்ம ஊரு ப்ளூரே, டிவிடி ரீஜன், அதாவது எந்தப் பகுதி டிஸ்க் ஓடும்ங்கற பூட்டு, வேற. கேம் டிஸ்க்குக்கு மட்டும் தான் எல்லை இல்ல. அப்பறம் ஏர்போர்ட்ல பேகேஜ் வரம்பு தாண்டினா டூட்டி கட்டச் சொல்வாங்க, டப்பாவ பிரிச்சு ஜட்டி பனியனுக்கு நடுவுல வச்சாலும் அதுவும் கணக்கு தான். எல்லாம் கூட்டினா இங்க வாங்குறதுக்கும் அதுக்கும் பெருசா வித்தியாசம் நிக்காது. சித்தப்பா சும்மா குடுக்குறாருன்னா மட்டும் யோசிக்காம வாங்கிக்கங்க.

"சண்டே மார்க்கெட்ல பத்தாயிரம் கேம் இருக்கற ஸ்டிக் ஆயிரம் ரூபாய்க்கு விக்கறான், அது என்ன?"

எச்டிஎம்ஐல சொருகுற அந்த சின்ன குச்சி தானே, அது பழைய டிவி கேம் காலத்து கேமுங்கள மெமரி கார்டுல ஏத்தி வச்சது. 4கேன்னு எழுதியிருக்கும், படம் அப்படி வராது. அதே கேம் பேரு மாத்தி அம்பது தடவ இருக்கும். சின்ன பசங்களுக்கு லீவுல பொழுது போகும், ஆறு மாசம் ஓடினா லாபம். பிஎஸ்5-க்கு பதிலா இத வாங்கி குடுத்துடலாம்னு நெனச்சு வந்த அப்பாக்கள் சில பேரு இருக்காங்க, வீட்டுக்குப் போனதும் என்ன ஆச்சுன்னு எனக்கு தெரியாது.

"செகண்ட் ஹேண்ட் முப்பதுக்கு வருது, எடுக்கலாமா?"

எடுக்கலாம், ஆனா நம்ம ஊரு கடற்கரை ஊரு. உப்புக் காத்து உலோகத்த தின்னுடும். பின்னாடி எச்டிஎம்ஐ, யுஎஸ்பி ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சு பாருங்க, பச்சையா வெள்ளையா பூத்திருந்தா, ஸ்க்ரூ துருவேறியிருந்தா வேணாம். டிஸ்க் ஒண்ணு கைல எடுத்துட்டு போயி போட்டு எடுத்து பாருங்க. அரை மணி நேரம் கனமான கேம் ஓட்டி ஃபேன் சத்தம் கேளுங்க. அவங்க அக்கவுண்ட் உங்க கண்ணு முன்னாடி லாக் அவுட் ஆகி முழு ரீசெட் ஆகணும். ஒரிஜினல் பில் கேளுங்க, அதுல இருக்கற சீரியலும் மெஷின்ல இருக்கறதும் ஒண்ணா இருக்கணும், இல்லன்னா யாரு வீட்டுப் பொருளோ.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் ஞாபகம் இருக்கும், ஒரே நாள்ல 46 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, ரெயின்போ நகர் பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி நின்னுச்சு. கீழ் தளத்துல இருந்த எலக்ட்ரானிக்ஸ் எவ்ளோ நனைஞ்சிருக்கும்னு யோசிச்சுக்கங்க. காய வச்சா சில மாசம் ஓடும், அப்பறம் படுத்துக்கும். "புது டப்பா இல்ல, புயல்ல போயிடுச்சு, மெஷின் மட்டும் பத்திரமா இருந்துச்சு"ன்னு யாராவது சொன்னா நம்பறது உங்க பொறுப்பு. கடைல வாங்கினாலும் டப்பா அடில தண்ணி கோடு, உப்பின அட்டை இருக்கான்னு பாருங்க.

"பில்லுல 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது'ன்னு அடிச்சிருக்கு. முதல் நாளே ஆன் ஆகல, என்ன பண்ண?"

மனசு மாறிடுச்சுன்னா கடைக்காரன் எடுக்கணும்னு கட்டாயம் இல்ல. ஆனா பழுதான பொருள திரும்ப எடுக்காம காசு தராம இருக்கறது நேர்மையற்ற வணிக நடைமுறைன்னு மேல சொன்ன அதே 2019 நுகர்வோர் சட்டத்துல இருக்கு, பில்லுல நாள் எதுவும் போடலன்னா 30 நாள். மொதல்ல கடை, அப்பறம் டப்பா மேல இருக்கற கம்பெனி நம்பர். ரெண்டும் வேலைக்காகலன்னா 1915, அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதுக்கும் மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், கடை எங்க இருந்தாலும் நீங்க குடியிருக்கற ஊர்ல கேஸ் போடலாம், அஞ்சு லட்சம் வரைக்கும் உள்ள பொருளுக்கு ஃபீஸ் இல்ல.

கடைல நிக்கிற ஆளா ஒண்ணு சொல்றேன், டப்பாவ கவுண்டர்லயே பிரிச்சு டிவில மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, வீடியோ எடுத்துக்கங்க. மொகம் சுளிச்சாலும் பரவால்ல.

"பிஎஸ்2 16 கோடி வித்துச்சுங்கறாங்க, அதெல்லாம் நெஜமாவே ஜனங்க வாங்குனதா, கடைக்கு அனுப்புனதா?"

நல்ல கேள்வி, காலேஜ் பையன் ஒருத்தன் கேட்டான். ரெண்டு கணக்கு இருக்கு. தொழிற்சாலைல இருந்து கடைக்கு அனுப்புனது ஒண்ணு, கடைல இருந்து வீட்டுக்குப் போனது ஒண்ணு. கம்பெனி ரிப்போர்ட்ல பெரும்பாலும் மொதல் கணக்கு தான் வரும், எங்க குடோன்ல தூசி படிஞ்சு கெடக்கறதும் அதுல சேந்தது தான். பல வருஷம் கழிச்சு பாத்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாயிடும், தேங்குனது எப்படியும் தள்ளுபடில போயிடும், அதனால பிஎஸ்2 கணக்க நம்பலாம். மொத வருஷ கணக்க தான் கொஞ்சம் சந்தேகமா பாக்கணும். மைக்ரோசாஃப்ட் 2015-லயே எத்தன எக்ஸ்பாக்ஸ் போச்சுன்னு சொல்றத நிறுத்திட்டாங்க, அதுக்கப்பறம் வர்றது எல்லாம் வெளியாளுங்களோட மதிப்பீடு.

அனுப்புனதயே வித்ததா நெனச்சா என்ன ஆகும்னு அந்தக் கால அமெரிக்க கேம் கம்பெனி அடாரிகிட்ட கேக்கணும். 1983-ல விக்காத கேம் கார்ட்ரிஜ்ஜ லாரி லாரியா கொண்டு போயி நியூ மெக்சிகோல ஒரு குப்பைமேட்டுல பொதைச்சாங்க, 2014-ல அத தோண்டி எடுத்தாங்க.

"பில் வேணாம்னா மூவாயிரம் கம்மி பண்றேங்கறாரு. வாரண்டி கார்டு தர்றாராம். எடுத்துடவா?"

வேணாம். வாரண்டி பில் தேதில இருந்து தான் ஓடும், சர்வீஸ் சென்டர்ல மொத கேள்வியே ஜிஎஸ்டி பில் எங்கன்னு தான், கார்டு மட்டும் குடுத்தா திருப்பி அனுப்பிடுவாங்க. ஈஎம்ஐ, 1915, ஆணையம், நாளைக்கு நீங்க செகண்ட் ஹேண்டா விக்கறது, எதுக்குமே பில் இல்லாம நடக்காது. பில் தர மறுக்கறதே அந்த நுகர்வோர் சட்டப்படி தப்பு. அதுவும் இல்லாம, அந்த பீஸுக்கு பில் போட முடியாதுன்னா அவரு அத பில்லோட வாங்கலன்னு தான் அர்த்தம், அப்ப ஸ்டிக்கரயும் மாடல் நம்பரையும் இன்னொரு தடவ பாருங்க.

பில்லுல சீரியல் நம்பர் எழுதியிருக்கான்னு கடைய விட்டு எறங்கறதுக்கு முன்னாடி பாத்துக்கங்க. வெறும் "கேம் செட் 1"ன்னு போட்டு குடுப்பாங்க, திருப்பி குடுத்து எழுதி வாங்குங்க.